காண்போர் பலர், கருத்துப் பல

ஓர் அரங்கிலே ஒரு காட்சி நடைபெறுகின்றது. நூறு பேர் அமர்ந்து அதனைக் காண்கின்றனர். அந்த நூறு பேரும் கண்டது ஒன்றுதானா? ஒருவர் கண்ணீர் வடிக்கின்றார். அவர் பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விடுகின்றார். ஒருவர் போற்றிய கட்டத்தை மற்றொருவர் தூற்றுகின்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் வாதம் நடக்கின்றது. இது நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வது. ஆயினும் இதற்கும் ஒரு வரலாறு உண்டு. பொழுதுபோக்கின் வரலாறாக மட்டும் அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு நாட்டு மக்கள் தம்முள் மாறுபட்டு நிற்கவும், மாறுபட்டவரோடு ஒருங்கே வாழவும் எவ்வாறு பழகினர் என்பதும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

நம் முன்னோர் காட்சிக் கலையை ஆராய்ந்தபோது காண்போரை மறந்தாரல்லர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை வகுத்தது. உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் தோன்றிக் காண்போர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு என உரையாசிரியர் விளக்கினர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து கூறியதோடு மூவகை எழினிகளையும் கூறுகின்றது. காண்பவன் இல்லையேல் கலை இல்லை என்பதை இந்நூல்கள் நமக்கு உணர்த்துகின்றன.

அசையும் படம் வந்த காலம்

இந்திய மண்ணில் அசையும் படம் முதன்முதல் காட்டப்பெற்றது 1896-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7-ஆம் நாள். இடம் பம்பாயிலிருந்த வாட்சன் ஓட்டல். பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1913-இல் தாதாசாகேப் பால்கே 'ராஜா அரிச்சந்திரா' என்னும் படத்தை வெளியிட்டார். 1917-இல் அவரது 'லங்கா தகனம்' வந்தது. அதில் இராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் சாளுங்கே என்னும் ஒரே ஆடவர். நடிக்க வருமுன் அவர் உணவு விடுதியொன்றில் பணிபுரிந்தவர். இருப்பினும் திரையில் இராமன் தோன்றியவுடன் மக்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு வணங்கினர் என்று சொல்வர். வேடம் புனைந்தவர் யார் என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. காண்பவன் தன் உள்ளத்தில் உள்ளதையும் திரைக்குக் கொண்டு சேர்க்கின்றான் என்பதற்கு இதுவே முதற் சான்று எனலாம்.

1931 அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் 'காளிதாஸ்' வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் டி. பி. ராஜலட்சுமி நடித்தார். தமிழும் தெலுங்கும் அதில் கலந்து ஒலித்தன. மொழிக் கலப்பைப் பற்றிக் குறை கூற இடமிருந்தும், திரை பேசுகின்றது என்ற வியப்பே மக்களை ஈர்த்தது. மருட்கை என்னும் மெய்ப்பாடு ஏனையவற்றை வென்ற நாள் அது.

வியப்பு அடங்கியபின் விவாதம் தொடங்கியது. 1939-இல் கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் 'தியாகபூமி'யை எடுத்தார். மக்கள் திரண்டு கண்டனர். ஆங்கில அரசு தடை விதித்தது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தது. கிருஷ்ணன், பஞ்சு இருவரும் இயக்க, மு. கருணாநிதி உரையாடல் தீட்ட, சிவாஜி கணேசன் அதில் அறிமுகமானார். அப்படத்தின் கோவிற் காட்சியையும் வழக்குமன்றக் காட்சியையும் ஒரு சாரார் மனப்பாடமாய்ச் சொல்லி மகிழ்ந்தனர். மற்றொரு சாரார் இதனைத் தடை செய்தல் வேண்டும் எனக் குரல் எழுப்பினர். ஒரே வீட்டில் தந்தை ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் நின்ற காலம் அது.

பாட்டில்லாத படமும் ஊர்மாறிய கதையும்

காண்போரின் மாறுபாட்டை ஆராய்வார்க்கு 1954-ஆம் ஆண்டின் 'அந்த நாள்' ஓர் அரிய எடுத்துக்காட்டு. ஏவி.எம். நிறுவனத்தார் தயாரிக்க, வீணை எஸ். பாலசந்தர் இயக்கினார். 1943-இல் சப்பானியர் சென்னையின்மீது குண்டு வீசிய நாளையொட்டிக் கதை அமைந்தது. வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு இறந்து கிடக்கின்றான். துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவரையும் உசாவுகின்றார். அண்டை வீட்டார் ஒருவகையாகச் சொல்கின்றார். தம்பி வேறுவகையாகச் சொல்கின்றான். மனைவியின் கூற்றோ பிறிதொரு வகையாக இருக்கின்றது. ஒரே நிகழ்ச்சி ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு வடிவம் கொள்கின்றது. சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' தந்த தூண்டுதல் அது.

படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்துப் பழகிய மக்கள் கொட்டகையில் ஏமாற்றம் அடைந்தனர். பத்திரிகைகள் பாராட்டின, வசூல் கைகொடுக்கவில்லை. பின்னர் மீண்டும் திரையிடப்பட்டபோது அதற்கு வரவேற்புக் கிடைத்தது. இன்றைக்குத் தமிழ்த் திரை வரலாறு எழுதுவோர் எவரும் அதனை விட்டுவிட்டு எழுதுவதில்லை. அப்படியாயின் அன்று எழுந்து போனவர்கள் தவறு செய்தவர்களா? அவ்வாறு கூறுதல் முறையன்று. இரண்டு அணா கொடுத்து அமர்ந்த உழைப்பாளிக்குப் பாட்டு ஓர் ஓய்வு. அதனை எதிர்பார்த்தது அவன் குற்றமாகாது. சுவை வளரக் காலம் வேண்டும். படமும் தனக்குரிய காண்போர் பிறந்து வரும்வரை காத்திருத்தல் வேண்டும்.

படைத்தவரே காண்போராக அமர்ந்து மனம் வருந்தியதும் உண்டு. ஆர். கே. நாராயண் எழுதிய 'தி கைடு' என்னும் புதினத்தை 1965-இல் இந்தியில் விஜய் ஆனந்த் இயக்க, தேவ் ஆனந்தும் வகீதா ரகுமானும் நடித்தனர். நாடு முழுவதும் மக்கள் கொண்டாடினர். எசு. டி. பர்மனின் இசை இன்றும் வாழ்கின்றது. ஆனால் நாராயண் மகிழவில்லை. தென்னாட்டின் சிற்றூராகத் தாம் மனத்தில் கட்டிய மால்குடியை இராசபுத்தானத்து அரண்மனைகளுக்கிடையே கொண்டு வைத்துவிட்டனரே என்று அவர் அங்கதச் சுவையோடு கட்டுரையே எழுதினார். இருபது ஆண்டுகளுக்குப் பின் சங்கர் நாக் கருநாடகத்து ஆகும்பேயில் 'மால்குடி டேய்ஸ்' தொடரைப் படமாக்கினார். எல். வைத்தியநாதனின் இசையும் ஆர். கே. லட்சுமணனின் ஓவியங்களும் அதனை அணிசெய்தன. ஊர் கருநாடகத்தது, மொழி இந்தி. எனினும் திண்ணையும் குடுமியும் கண்ட நம்மவர்க்கு அது நம் ஊராகவே தோன்றியது. அரண்மனை கண்டபோது அயலாகிப்போன மால்குடி, மலைச்சாரலின் ஓட்டுவீடுகளைக் கண்டபோது மீண்டது.

தலைநகரில் தொலைக்காட்சி

தொலைக்காட்சி இந்தியாவில் தோன்றியது நாம் வாழும் இத்தில்லி மாநகரிலேதான். 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் வானொலி நிலையத்தின் ஒரு பகுதியாகச் சிறிய அளவில் அது தொடங்கிற்று. வீட்டுக்கு ஒரு பெட்டி என்ற எண்ணமே அன்று இல்லை. பொது இடங்களில் பெட்டிகளை வைத்து, மக்கள் கூடிப் பார்த்து, பார்த்தபின் கலந்துரையாடுவதற்கென மன்றங்கள் அமைத்தனர். காண்போர் கருத்துரைத்தல் என்பது நம் நாட்டுத் தொலைக்காட்சியோடு உடன்பிறந்தது என்பதை இதனால் அறியலாம். 1965-இல் நாள்தோறும் ஒளிபரப்பு வந்தது. 1972-இல் பம்பாயும், 1975-இல் சென்னையும் நிலையங்களைப் பெற்றன. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணமும் தேசிய ஒளிபரப்பும் வந்தன.

1984 சூலை 7-ஆம் நாள் 'அம் லோக்' என்னும் தொடர் தொடங்கியது. நாம் எல்லோரும் என்பது அதன் பொருள். மனோகர் சியாம் சோசி எழுதினார், பி. குமார் வாசுதேவ் இயக்கினார். மெக்சிகோ நாட்டில் மிகேல் சபிடோ என்பவர் தொடர்நாடகங்களின் வாயிலாக மக்களுக்கு நல்லறிவு புகட்ட ஒரு முறை வகுத்திருந்தார். பின்பற்றத்தக்க மாந்தர், விலக்கத்தக்க மாந்தர், இரண்டுக்கும் இடையில் தடுமாறித் திருந்துவோர் என மூவகையாகப் பாத்திரங்களைப் படைப்பது அம்முறை. அதனை இங்கே கொண்டுவந்து குடும்பநலமும் பெண்ணுரிமையும் போதிக்க அரசு எண்ணியது. முதற் சில பகுதிகளில் போதனை மிகுந்தது, மக்கள் சலித்தனர். அதனை உணர்ந்து கதைப்போக்கை மாற்றினர். அதன்பின் வடநாடே அந்நேரத்தில் பெட்டிமுன் அமர்ந்தது.

பசேசர் ராம் என்னும் குடிகாரக் கணவன். பகவந்தி என்னும் பொறுமையே உருவான மனைவி. இரண்டு ஆண், மூன்று பெண் மக்கள். உடன் தாத்தாவும் பாட்டியும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிச் சில சொற்களில் நீதியுரைப்பார். அவருக்கும் தூர்தர்சனுக்கும் மடல்கள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தன. மூத்த மகள் படுகி தன் மனத்துக்கு உகந்த மருத்துவனை மணக்கலாமா கூடாதா என்று மக்கள் எழுதினர். திருமணக் காட்சி ஒளிபரப்பான நாளில் வடநாட்டுக் கடைவீதிகள் சில முன்னதாகவே மூடப்பட்டன. மணமக்களுக்கு வாழ்த்துத் தந்திகளும் வந்தன.

இத்தொடரில் ஆராய்ச்சியாளரை வியக்கவைத்த செய்தி வேறொன்று. பகவந்தியை விலக்கத்தக்க மாதிரியாகவே படைத்திருந்தனர். எல்லா அவமதிப்பையும் வாய் திறவாது தாங்கினால் பெண்ணுக்கு எத்தகைய துன்பம் நேரும் என்று காட்டுவதே நோக்கம். ஆனால் பெண்களுள்ளிட்ட பலர் அவளையே உத்தமியாகக் கொண்டனர். இவளைப்போல் அன்றோ இருத்தல் வேண்டும் என்றனர். அர்விந்த் சிங்கல், எவரெட் ரோஜர்ஸ் ஆகிய அறிஞர்கள் இத்தொடரைக் குறித்து ஆராய்ந்து இதனை வெளியிட்டனர். எச்சரிக்கையாக வைத்த பாத்திரம் வழிகாட்டியாகி விட்டது! எழுதியவர் நினைத்தது ஒன்று. கண்டவர் கொண்டது மற்றொன்று.

இதனைக் கொண்டு மக்கள் அறியாமையில் மூழ்கியவர் என்று முடிவு கட்டுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. வாழ்நாளெல்லாம் பொறுத்துப் போன ஒரு மூதாட்டி பகவந்தியைக் கண்டபோது, தன் பொறுமையை ஒருவர் முதன்முதலாகக் கவனித்தார் என்றே எண்ணியிருப்பாள். அந்தப் பொறுமை வீண் என்று சொன்னால் அவள் வாழ்வே வீண் என்றாகிவிடும் அன்றோ? அவளுடைய பேத்தியோ அதே காட்சியைக் கண்டு, நான் இவ்வாறு வாழமாட்டேன் என்று உறுதிகொண்டிருக்கலாம். இருவர் கண்ணீரும் உண்மையே. இரண்டு கண்ணீரின் காரணம் வேறு.

தென்னாட்டின் பெருநகரங்களில் இத்தொடரைப் பார்த்தவர் தொகை குறைவு. மொழி புரியாமையே காரணம். இங்கே குடியேறிய நம் குடும்பங்களின் நிலை இரண்டிற்கும் நடுவில் இருந்தது. பள்ளி செல்லும் பிள்ளைகள் இந்தி வசனத்தைக் கேட்டுச் சிரிப்பர். ஊரிலிருந்து வந்த பாட்டி, என்னடா சொல்கிறான் என்று கேட்பாள். பிள்ளை தமிழில் சொல்வான். சொல்லும்போதே கதையில் பாதி அவனுடையதாகிவிடும். ஞாயிறு பிற்பகல்களில் மாநில மொழிப் படங்கள் ஒளிபரப்பப்பட்டபோது தமிழின் முறை வரும் நாளை நாம் எதிர்நோக்கியிருந்தோம். வருவது பெரும்பாலும் விருது பெற்ற படம். பாட்டும் கூத்தும் எதிர்பார்த்தவர் பாதியில் எழுந்து சமையலறைக்குச் செல்வர். இலக்கிய ஆர்வலர் இறுதிவரை இருப்பர். 'அந்த நாள்' கொட்டகையில் கண்ட பிளவு நம் கூடத்திலும் நிகழ்ந்தது.

இராமகாதையும் இருளும்

1987 சனவரி 25-ஆம் நாள் இராமானந்த சாகரின் 'இராமாயண்' தொடங்கி 1988 சூலை 31 வரை ஞாயிறுதோறும் காலையில் நடந்தது. தெருக்கள் வெறிச்சோடின. பெட்டிக்கு மாலை சாற்றி ஊதுவத்தி ஏற்றினர். 1917-இல் காலணி கழற்றிய அதே உள்ளம் எழுபது ஆண்டுகளுக்குப் பின் வீட்டுக் கூடத்தில் வெளிப்பட்டது. தொடக்க எழுத்துகளில் வான்மீகி, துளசிதாசரோடு நம் கம்பன் பெயரும் காட்டப்பெற்றது நமக்குப் பெருமிதம் தந்தது. கதை நடந்த முறை பெரிதும் துளசிதாசரைத் தழுவியது எனக் கம்பனில் தோய்ந்தவர் குறைப்பட்டனர். பல வடிவாய் வழங்கும் இராமகாதையை ஒற்றை வடிவில் நாடெங்கும் நிலைநாட்டுதல் தகுமா என வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் வினவினார்.

உத்தர காண்டம் இல்லாமலே தொடர் முடியப்போவது தெரிந்தபோது, வான்மீகியைத் தம் குலமுதல்வராகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர் சலந்தரில் வேலைநிறுத்தம் செய்தனர்; அது வேறு நகரங்களுக்கும் பரவியது. வான்மீகி முனிவர் சீதைக்கு அடைக்கலம் தந்த பகுதியை விட்டுவிடலாகாது என்பது அவர்தம் கோரிக்கை. அரசு இசைந்தது, தொடரின் பிற்பகுதி பின்னர் எடுக்கப்பட்டது. நகரின் குப்பையை நாள்தோறும் சுமந்தவர்கள், நாட்டின் கதையில் தம் முனிவர்க்குரிய இடத்தைக் கேட்டுப் பெற்றனர். காண்போரின் மனக்குறை ஒரு படைப்பையே நீட்டிய நிகழ்ச்சி இது.

அதே 1988 சனவரியில் கோவிந்த் நிகலானி இயக்கிய 'தமஸ்' ஒளிபரப்பாயிற்று. இருள் என்பது அதன் பொருள். பீசம் சாகனி எழுதிய புதினம் அது. 1947-இன் பிரிவினைக் கொடுமைகளைக் கூறுவது. பழைய புண்ணைக் கிளறுகின்றது எனச் சிலர் எதிர்த்தனர். வீதிகளில் ஆர்ப்பாட்டம் நடந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் நீதிபதிகள் லெண்டின், சுசாதா மனோகர் இருவரும் படம் முழுவதையும் பார்த்துத் தடையை நீக்கினர். கண்டபின் கருத்துரைத்தல் என்னும் நல்லொழுக்கத்தை அவர்கள் நமக்குக் காட்டினர். உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. எளிதில் கலங்கும் மனத்தாரைக் கொண்டு ஒரு படைப்பை அளக்கலாகாது, அறிவும் உறுதியும் உடைய பொதுமக்களைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்த ஆண்டே ஒரு தமிழ்ப்படம் உச்சநீதிமன்றத்தின்முன் நின்றது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் அப்படம் இடஒதுக்கீட்டு முறையைக் குறை கூறியது. தணிக்கைக் குழுவினரே இரு கூறாகப் பிரிந்தனர். தமிழகத்தில் எதிர்ப்பு மிகுந்தது. சென்னை உயர்நீதிமன்றம் சான்றிதழை நீக்கியது. தேசிய விருதும் அப்படத்துக்குக் கிடைத்திருந்தது. 1989 மார்ச் 30-ஆம் நாள் உச்சநீதிமன்றம் சான்றிதழை மீட்டுத் தந்தது. படத்தின் கருத்து சரியா தவறா என்பது வேறு. அதனைச் சொல்ல உரிமை உண்டா என்பது வேறு. ஆர்ப்பாட்டம் வரும் என்ற அச்சத்தைக் காட்டி அரசு கடமையிலிருந்து நழுவலாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. இடஒதுக்கீட்டால் கல்வி பெற்று உயர்ந்த குடும்பங்களும், அம்முறையில் மனக்குறை கொண்ட குடும்பங்களும் நம் குடியிருப்பில் அடுத்தடுத்த வாயில்களில் வாழ்கின்றன. அப்படத்தைப் பற்றிப் பேசினால் இன்றும் குரல் உயரும். உயரட்டும், மறுநாள் காலையில் பால் வாங்கும் வரிசையில் ஒருவரையொருவர் நலம் உசாவும் பண்பு மட்டும் குறையாதிருத்தல் வேண்டும்.

இன்றைய நிலை

1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தோன்றியது. டிஷ் வழியே தமிழ் நாளெல்லாம் நம் கூடத்தில் ஒலிக்கலாயிற்று. தமிழின் முறைக்காகக் காத்திருந்த காலம் மறைந்தது. ஊர்ச்செய்தியும் உறவின் பேச்சும் கிட்டியதென முதியோர் மகிழ்ந்தனர். தொடர்களில் மாமியார் மருமகள் பகை மிகுந்ததெனச் சிலர் வெறுத்தனர். இப்பொழுதோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. தாத்தா ஒன்றைக் காண்கின்றார். பெயர்த்தி வேறொன்றைக் காண்கின்றாள். 2020 மார்ச் இறுதியில் நோய்த்தொற்றால் நாடு அடைபட்டிருந்தபோது தூர்தர்சன் 'இராமாயண்' தொடரை மீண்டும் ஒளிபரப்பிற்று. பல இல்லங்களில் மூன்று தலைமுறையினர் ஒரே பெட்டியின்முன் கூடினர். பெரியோர் கைகூப்பினர்; இளையோர் அம்புகள் வானில் மோதும் காட்சியைக் கண்டு நகைத்தனர். பெரியோர் கடிந்தனர், பின்னர் அவர்களும் நகைத்தனர்.

கருத்து மாறுபடுவது குறித்து நாம் கவலைப்பட வேண்டுவதில்லை. ஒன்றாக அமர்ந்து காண்பது குறைந்துவிட்டால் மாறுபடுவதற்கும் பொதுவான பொருள் இராது. தனித்தனித் திரையில் தனித்தனிக் காட்சி காண்பவர்க்கிடையே வாதமும் இல்லை, உறவும் இல்லை. தாய்நிலம் விட்டு வந்து வாழும் நமக்கு இது பெரிதும் பொருந்தும். நம் பிள்ளைகள் தமிழில் வாதிடக் கற்பது வீட்டுக் கூடத்திலேதான். படம் நன்றாயிருந்தது என்று சொல்ல நான்கு சொல் போதும்; ஏன் நன்றாயில்லை என்று பாட்டியிடம் எடுத்துரைக்க நாற்பது சொல் வேண்டும். அந்த நாற்பது சொல்லே நாம் அவர்களுக்கு விட்டுச் செல்லும் செல்வம்.

ஆகவே திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் நம் குடும்பத்தார் ஒரு படத்தை ஒன்றாகக் கண்டு பேசுவாராக. சங்கத்தின் மண்டபத்தில் அதற்கு இடமுண்டு. 'அந்த நாள்' முதற் படமாகட்டும். பாட்டில்லையே என்று ஒருவரேனும் குறை கூறுவார். அவரிடமிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.